கலைப்பட்டமா, என்விகியூவா?

வாவிக்கரை:
உயர்தரம் கலைப்பிரிவில் செய்து, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ அனுமதி வெட்டுப்புள்ளி வந்த பிள்ளை கம்பஸ் போறது நல்லதா, என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4 எடுத்து வேலைக்கு இறங்குறதா? காரணத்தோட சொல்லுங்க.

களுதாவளை வெற்றிலை:
என்விகியூதான். பரீட்சை எழுதி, பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வந்து, பதிவு முடியவே ஒரு வருசம் தாண்டிடும். பிறகு பொதுப்பட்டம் 3 வருசம், சிறப்புப்பட்டம் 4. வெளிய வரக்குள்ள வயது 25, 26. அதுக்குப் பிறகு அரச நியமனத்துக்குக் காத்திருக்கணும். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவடியில் வேலை கேட்டுப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தாங்க. 2020இல் அரசு பட்டதாரிப் பயிலுநராக எடுத்தவங்களுக்கும் மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய்தான். வயரிங், ஏசி திருத்தம் முடிச்ச பிள்ளைக்கு அந்த வயதில் நாலைஞ்சு வருச அனுபவம் இருக்கும்.

ஒலுவில் நானா:
தம்பி, 25 வயதை மட்டும் பார்க்காதீங்க, 40ஐயும் பாருங்க. இலங்கை நிர்வாக சேவை திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் இல்லாட்டி விண்ணப்பமே போட ஏலாது. பிழை பட்டத்தில் இல்ல, பாடம் தெரிவு செய்யிறதிலதான். முதல் வருசம் கூட்டாளிமார் எடுக்கிறதையே எடுத்திடுறாங்க. புவியியல் எடுத்தா ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளைக் கைபடப் பழகணும். பொருளியல் என்றா புள்ளிவிபரவியலை விடக்கூடாது. தமிழ்மொழி மூலம் படிச்சிட்டு ஆங்கிலத்தில் ரெண்டு பக்க அறிக்கை எழுத வராட்டி, என்ஜிஓ நேர்முகத்திலேயே வெட்டுப்படும்.

களுதாவளை வெற்றிலை:
நிர்வாக சேவைக்கு எடுக்கிறது சொற்பப்பேர், நானா. மற்றவங்க? என்விகியூவும் 4ஓட முடியிறதில்ல. 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டமட்டம். 7ஐ இரத்மலானையில் இருக்கிற தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவொடெக்கில் செய்யலாம்.

ஒலுவில் நானா:
அதில ஏமாறுற இடத்தையும் சொல்லுங்க. தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதியிற மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்கிறது வேற, அந்தக் கற்கைநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறது வேற. பலகையில் பதிவிலக்கத்தைக் கண்டு காசைக் கட்டிடுறாங்க. அங்கீகாரம் இல்லாட்டி கிடைக்கிறது என்விகியூ இல்ல, நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் மட்டும்தான். வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழை உறுதிப்படுத்தப் போகக்குள்ளதான் அது தெரியவரும்.

களுதாவளை வெற்றிலை:
அது உண்மை, காசு கட்ட முதல் ரெண்டையும் தனித்தனியாக் கேட்கணும். இன்னொன்று, வேலைத்தளப் பயிற்சியில் நாட்குறிப்பை எழுதி அன்றன்றே மேற்பார்வையாளரிடம் ஒப்பம் வாங்கணும். கடைசியில் மொத்தமா நிரப்பினா இறுதி மதிப்பீட்டில் சிக்கல். ஏற்கனவே மேசன், வெல்டிங் செய்யிறவங்களுக்கு வகுப்பே தேவையில்ல. முன்கற்றலை அங்கீகரிக்கிற முறையில் வேலைப் படங்கள், வேலை கொடுத்தவரின் கடிதம் எல்லாம் கோப்பாக்கி மதிப்பீட்டுக்குப் போகலாம்.

ஆரையம்பதி ரீச்சர்:
ரெண்டு பேரும் ஆசிரியரை உருவாக்குற தேசிய கல்வியியற் கல்லூரியை விட்டுட்டீங்க. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் இருக்கு. ரெண்டு வருசம் விடுதியில் இருந்து படிப்பு, ஒரு வருசம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி (கற்பிச்சுப் பழகுறது), பிறகு ஆசிரியர் நியமனம். பட்டத்தைச் சேவையில் இருந்துகொண்டே செய்யலாம். வர்த்தமானி அறிவித்தலைத் தவறவிடாதீங்க, கம்பஸ் விண்ணப்பத்தோட சேராது, இதுக்குத் தனியாக விண்ணப்பிக்கணும்.

ஒலுவில் நானா:
ஆசிரியத்தில் விருப்பம் உள்ள பிள்ளைக்கு அது சரி, ரீச்சர். கம்பஸ் போற பிள்ளை பதிவுக்கு முதல் உள்ள மாதங்களில் ஒரு என்விகியூ முடிச்சா ரெண்டும் கைவசம் வருமே?

களுதாவளை வெற்றிலை:
ஆறு மாத வேலைத்தளப் பயிற்சி உள்ளதை எடுத்தா, பதிவுக் கடிதம் வரக்குள்ள பாதியில் அறுந்திடும். பெறுபேறு வரும்வரை காத்திராம, பரீட்சை முடிஞ்ச கையோட சேர்ந்தா மட்டும்தான் அது சரிவரும்.