மறு: ‘காக்கஸ்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘கட்சிக்கூட்டம்’ போதுமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மேடையும் ஒலிபெருக்கியும் தாமதமாக வரும் தலைவரும்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். ‘காக்கஸ்’ என்பது அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தெரிவு செய்ய ஒரு கட்சியின் வாக்காளர்கள் ஊர்தோறும் கூடும் கூட்டம். அங்கே அயோவா மாநிலத்தில் வேலை முழுவதும் வாக்காளருக்கு.

2020 பிப்ரவரி 3 அன்று சனநாயகக் கட்சியினர் நடத்தியதைப் பாருங்கள். இரவு 7 மணிக்கு ஒவ்வொரு வட்டாரத்தாரும் பள்ளி, தேவாலயம், நூலகம் என்று ஓரிடத்தில் கூடினார்கள். இன்ன வேட்பாளருக்கு இன்ன மூலை என்று பிரிந்து நின்றார்கள். தலை எண்ணப்பட்டது. பெரும்பாலான வட்டாரங்களில் வந்தவர்களில் 15 விழுக்காடாவது சேர்ந்தால்தான் ஓர் அணி தேறும். 100 பேர் வந்த இடத்தில் 12 பேர் கொண்ட அணி தேறாது. அவர்கள் தேறிய அணிக்குப் போய்ச் சேரலாம். தேறாத இன்னோர் அணியிலிருந்து மூன்று பேரை இழுத்துவந்து தாங்களே தேறலாம். வெறுத்துப்போய் வீட்டுக்கும் கிளம்பலாம். முதல் எண்ணிக்கையிலேயே தேறியவர்கள் இடம் மாற அந்த ஆண்டு அனுமதி இல்லை. கடைசி எண்ணிக்கைப்படி பேராளர் (கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதி) இடங்களைப் பிரித்தார்கள். (முடிவை அனுப்பும் செயலி சொதப்பியது தனிக்கதை.)

ஆகவே துணைச்சொற்களுக்குச் சிரமமில்லை: அணிசேர்தல், மறு அணிசேர்தல், தேறிய அணி. ‘இது தேறாது’ என்று நாம் தினமும் சொல்வதுதானே!

> ‘குடவோலை’ என்று மரபுச்சொல்லையே எடுத்தாளலாமே?

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வது குலுக்கல் முறை. பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுப்பான். அயோவாவில் சமநிலை வந்தபோது நாணயம் சுண்டியதுண்டு. அதற்கு வேண்டுமானால் குடவோலையை வைத்துக்கொள்ளலாம்.

> தேர்வுக்கூட்டம்?

ஓர் எழுத்து விழுந்தால் தேர்வுக்கூடம். அப்புறம் நுழைவுச்சீட்டு கேட்பார்கள்.

நான் முதலில் குறித்து வைத்திருந்தது ‘தெரிவுக்கூடுகை’. குடியரசுக் கட்சியினர் மூலைக்கு மூலை நிற்பதில்லை. வேட்பாளர்களுக்காகப் பேசுவோரைக் கேட்டுவிட்டுத் துண்டுச்சீட்டில் பெயர் எழுதிப் போடுவார்கள். அதற்கும் இந்தச் சொல் பொருந்தியது. ஆனால் 2024 அதைக் கெடுத்துவிட்டது. அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று இரு கட்சிகளும் கூடின. ஆனால் சனநாயகக் கட்சியினர் வேட்பாளர் விருப்பத்தைத் தபாலில் வாங்கி, மார்ச் 5 அன்றுதான் முடிவைச் சொன்னார்கள். கூடிய இடத்தில் கட்சி வேலைதான் நடந்தது, வேட்பாளர் தெரிவு நடக்கவில்லை. பெயரோ மாறவில்லை.

எனவே என் பரிந்துரை ‘கட்சிக்கூடுகை’. ‘கூடல்’ என்றால் ஊடலும் பின்னாலேயே வரும் என்பதால் தவிர்த்தேன். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இதே ஆங்கிலச் சொல் ஒரு கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் குழுவைக் குறிக்கும். அதற்கு ‘கட்சி உறுப்பினர் குழு’ என்று தனிப்பதிவு போடுவோம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மறுப்பிருந்தால் எழுதுங்கள்.