புதுப்பிப்பு: ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் மாதிரி ஜேர்சி, இரண்டாம் வரைவு

போன பதிவில் போட்ட, கனடாவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி மாதிரியிலான நீல ஐஸ் ஹொக்கி ஜேர்சியை மட்டக்களப்பிலேயே அச்சடித்துப் பார்க்கக் கேட்டவர்களுக்காக இந்தத் திருத்தங்கள். அச்சு முறை சப்ளிமேஷன்: தாளில் அடித்த மையைச் சூடாக அழுத்தித் துணிக்கு மாற்றுவது.

அணிச் சின்னமான மேப்பிள் இலையின் நரம்புகளை முதல் வரைவில் குறைத்தது பெரிய பிழை. 2016இல் வந்த சின்னத்தில் 31 முனைகள் இருப்பது 1931இல் அணியின் பழைய அரங்கமான மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் திறந்ததற்காக. 17 நரம்புகள் 1917இல் அணி தொடங்கியதற்காக. அவற்றில் மேலுள்ள 13, அணி வென்ற ஸ்டான்லி கிண்ணங்களுக்காக (லீக்கின் சம்பியன் கிண்ணம்). ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது.

முதுகு இலக்கம் 8 அங்குலமாக இருந்தது. இந்த அணி ஆடும் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் விதிப்படி குறைந்தது 10 வேண்டும். மாற்றியாயிற்று.

அச்சில் நீலம் ஊதாவாக வருவதற்கு மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) கூடியதே பெரும்பாலும் காரணம். மெஜந்தாவை 5 வீதம் 5 வீதமாகக் குறைத்து ஐந்து சிறு கட்டங்கள் அடித்து, அழுத்திய பிறகு பாருங்கள். தாளில் தெரியும் நிறத்தை நம்பவேண்டாம். துணி வெள்ளைப் பொலியெஸ்டராகவே இருக்கட்டும், பருத்தியில் இந்த மை பிடிக்காது. அழுத்தும் வெப்பம் 200 பாகை செல்சியஸ், 45 முதல் 60 செக்கன்.

மாரி காலத்தில் இங்கே தாள் ஈரத்தை இழுத்து மை பரவும். தாளை மூடிய பெட்டியில் வையுங்கள், துணியை முதலில் 5 செக்கன் வெறுமனே அழுத்துங்கள்.

கீழ்க்கோடுகள் பக்கத் தையலில் சந்திக்க, முன், பின் துண்டுகள் இரண்டிலும் விளிம்பிலிருந்து ஒரே உயரத்தில் தொடங்குங்கள்.