இரவில் ஏறும் ஈரப்பதம்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். மரப்பலகையில் வரைந்த பழைய ஓவியங்கள் உள்ள கூடம்தான் இப்போது கவலை. பகலில் ஏசி ஓடும்போது ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. மாலையில் அணைத்ததும் ஏறத் தொடங்கி, விடிவதற்குள் 70-ஐத் தாண்டிவிடுகிறது. காலையில் மறுபடி ஏசி போட்டால் மளமளவென்று இறங்குகிறது. மரம் ஈரம் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே உள்ள வண்ணப்பூச்சால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஒரு ஓவியத்தின் விளிம்பில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால், வண்ணம் செதில் செதிலாகத் தூக்கி நிற்பது தெரிகிறது. பார்க்கவே மனசு பதறுகிறது.

அப்புறம், ஈரப்பதத்தைத் தானாகவே அளந்து பதிவு செய்யும் டேட்டா லாகர்கள். வெளிச்சுவரை ஒட்டியுள்ளது எப்போதும் கூடத்தின் நடுவில் உள்ளதைவிட அதிகம் காட்டுகிறது. உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, மூடிய டப்பாவுக்குள் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். அதில் இரண்டையும் வைத்துச் சோதித்தேன், இரண்டும் சரியாகவே காட்டின. ஆக, சுவரோரம் உண்மையிலேயே ஈரம் அதிகம்.

இரவிலும் ஏசியை ஓடவிடுவதா, ஈரம் உறிஞ்சும் கருவி மட்டும் போதுமா? இல்லை, ஓவியங்களைச் சிலிக்கா ஜெல் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் மாற்றிவிடலாமா? ஓவியத்தின் பின்பக்கமே லாகர் பொருத்திப் பார்த்தவர்கள் இருந்தால், எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். செதில் எழும்பிய ஓவியத்தை இப்போது இடம் மாற்றலாமா என்பதுதான் எனக்கு அவசரமாகத் தெரிய வேண்டும்.