புதுப்பிப்பு: சித்தப்பாவின் கால் வீக்கமும் இரவு இரத்தப் பரிசோதனையும்

கொழும்பில் பல வருடம் கடை வைத்திருந்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பிய சித்தப்பாவின் கால் வீக்கம் யானைக்காலாக இருக்குமோ என்று முன்பு கேட்டிருந்தேன். பகலில் இரத்தம் எடுத்தால் போதாதா என்றீர்கள். போதாது. யானைக்காலை உண்டாக்கும் வுச்செரேரியா பான்க்ரொஃப்டி என்ற புழுவின் நுண்ணிய குஞ்சுகளான நுண்புழுக்கள் இரவு 10 மணிக்கும் அதிகாலை 2 மணிக்கும் இடையில்தான் வெளி இரத்தத்தில் நிறைய ஓடும். நுளம்பு கடிக்கும் நேரம் பார்த்து வருகிற கெட்டிக்காரப் பிராணி! சரி, சித்தப்பாவுக்கு இரவில் விரலில் குத்தி எடுத்துப் பார்த்தார்கள்; ஒன்றும் இல்லை. அப்புறம் அன்டிஜன் கார்ட் என்ற இரத்தப் பரிசோதனை. அது வளர்ந்த புழு விடும் பொருளைத் தேடுவதால் பகலிலும் செய்யலாம். அதுவும் நெகட்டிவ்.

வீட்டில் சந்தோசம். ஆனால் டொக்டர் உடனே விடவில்லை. நாள்பட்ட வீக்கத்தில் புழு செத்துப்போய், நிணநீர்க் குழாய் மட்டும் பழுதாகி இருக்கலாம். அப்போது இரண்டு சோதனையிலும் ஒன்றும் தெரியாதாம். ஆகவே வீக்கத்துக்கு வேறு காரணம் உண்டா என்று டொப்ளர் ஸ்கான் (கால் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது), இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்க்கிறார்கள். இலங்கையில் யானைக்கால் நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது உண்மை. அதற்காகப் பழைய நோயாளிகள் இல்லாமல் போகவில்லையே.

இப்போதைக்குக் காலைத் தினமும் சோப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா அதற்குத்தான் சண்டை.