பக்கவாதத்துக்குப் பிறகு நினைவும் கவனமும் தேற நர்ஸ்கள் உதவ முடியுமா?

மூத்தமகள்:
அப்பாவுக்கு மூளையின் வலது பக்கத்தில் பக்கவாதம். கை கால் மெல்ல வருகிறது, ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு "இன்னும் வை" என்கிறார், இடது பாதி தொடாமல் கிடக்கிறது. எதைச் சொன்னாலும் பாதியில் கவனம் போய்விடுகிறது. தெரபிஸ்ட் வந்து கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறார், மீதி நேரமெல்லாம் நர்ஸ்கள்தான். மருந்து, பிபி தவிர இதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டா?

வார்டுநர்ஸ்:
நிறைய உண்டு. நீங்கள் சொல்வது பெரும்பாலும் இடப்பக்கப் புறக்கணிப்பாக இருக்கும். கண் நன்றாக இருந்தாலும் மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. (பாதிப் பார்வை போயிருந்தாலும் இப்படித் தெரியலாம், டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.) நாங்கள் தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு தெரியும்வரை திரும்பிப் பாருங்கள்" என்போம். ஆனால் அழைப்பு மணியை மட்டும் வலது கைக்குப் பக்கத்தில்தான் வைப்போம், அவசரத்துக்கு அது கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

பல் தேய்ப்பது, சட்டை போடுவது எல்லாமே எங்களுக்குப் பயிற்சிதான். பிரஷைக் கையில் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லி, அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருப்போம். நாங்களே தேய்த்துவிட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் ஒரு வேலையை வரிசையாகச் செய்து முடிக்க அவர் எப்போது பழகுவது? குடும்பத்தார் பாசத்தில் எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்கள், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

இன்னொன்று, நேற்று தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினாலோ தூங்கி வழிந்தாலோ உடனே சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிய தூக்க மாத்திரை என்று எதுவும் காரணமாகலாம், இன்னொரு பக்கவாதமாகவும் இருக்கலாம். சத்தம் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், அமைதியாகக் குழம்பிப் படுத்திருப்பவரைத்தான் தவறவிடுகிறார்கள்.

அம்மாவின்பையன்:
அம்மாவுக்கு மோக்கா (MoCA) என்று நினைவு, கவனம் எல்லாம் பார்க்கும் டெஸ்ட் எடுத்தார்கள். 30 மார்க், 26க்குக் கீழே போனால் சந்தேகம். அம்மா மிகக் குறைவாக எடுத்ததும் நாங்கள் உடைந்து போனோம். ஒரு சிஸ்டர்தான், "உங்கள் அம்மா தன் துண்டைச் சரியாகத் தேடி எடுக்கிறார், மாத்திரை நிறம் மாறினால் கையைத் தள்ளிவிடுகிறார், நினைவு இருக்கிறது, பேச்சுதான் வரவில்லை" என்று டாக்டரிடம் எடுத்துச் சொன்னார். அப்புறம் மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் கொண்டுவரச் சொன்னார், அதற்கே பாதி குழப்பம் குறைந்தது.

மூத்தமகள்:
நன்றி. அப்பா சில நாள் எதிலும் பிடிப்பில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுவும் மறதிதானா?

வார்டுநர்ஸ்:
மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது, வெளியே பார்க்க மறதி போலவே இருக்கும். சிகிச்சை உண்டு, அதனால் நாளைக்கே சொல்லுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால், மாத்திரையை அவரே எடுத்துக்கொள்ளலாமா, அடுப்புப் பக்கம் தனியாக விடலாமா என்பதையும் வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.