முதலாளி போடும் 13 சதவீதம் யார் பணம்?

லயத்துப்பிள்ளை:
போன வாரம் இங்கே சொந்தக்கால் என்ற பெயரில் எழுதும் தங்கச்சி ஒரு நீளமான பதிவு போட்டிருந்தார். கிளினிக்கில் மாதம் 2,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சம்பளத்தை விட்டுவிட்டு, சின்ன வயசுக் கனவு என்று வீட்டில் ஆரி தையல் தொடங்கியிருக்கிறார். நல்லா இருக்கட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கடைசியில் ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார் பாருங்கள்: "முதலாளி போடும் 13 சதவீத இபிஎஃப் நம் பணமே கிடையாது, அதற்காக யாரும் அடிமையாகக் கிடக்காதீர்கள்." இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பேராக்கில் நம் ஊர் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருடைய அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். நாங்கள் இருந்த தோட்டத்தை விற்றபோது தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். என் அப்பாவிடம் அன்றைக்கு ஒரு பழைய மோட்டாரும் இபிஎஃப் கணக்கும்தான் இருந்தன. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டியது அந்தப் பணத்தில்தான். அதில் முதலாளி போட்டதும் இருந்தது. அது நம் பணமே கிடையாது என்றால் நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற வீடு யாருடையது? தங்கச்சி பதில் சொல்லட்டும்.

சொந்தக்கால்:
அண்ணே, அவ்வளவு எழுதியும் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதான். 55 வயது வரைக்கும் என் கைக்கு வராத காசை என் காசு என்று நான் எப்படிச் சொல்வது? கிளினிக்கில் காலையில் கதவைத் திறப்பதும் நான், ராத்திரி பூட்டுவதும் நான். டாக்டர் வர நேரமானால் நோயாளிகளிடம் திட்டு வாங்குவதும் நான். தீபாவளிக்கு முதல் நாள்கூட லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

இப்போது என் வேலையைப் பாருங்கள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தால், மேல் கையில் கொக்கி ஊசி, அடியில் நூலைப் பிடித்த இன்னொரு கை. ஊசி இறங்கி நூலைக் கவ்விக்கொண்டு மேலே வரும். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு மணி போய் உட்காரும். கல்யாண ரவிக்கையின் கழுத்து ஓரம் மட்டுமே ஒரு ராத்திரியைத் தின்னும். ஆனால் அந்தப் பெண் அதைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது எனக்குக் கிடைப்பதை எந்த முதலாளியும் எந்தச் சதவீதத்திலும் போட்டதில்லை.

லயத்துப்பிள்ளை:
மணி உட்காருவது இருக்கட்டும். நான் கேட்டது 13 சதவீதம்.

2,800 வெள்ளி சம்பளத்துக்கு முதலாளி போட்டது 364 வெள்ளி. உங்கள் சம்பளத்தில் பிடித்த 11 சதவீதம் 308. ரெண்டும் சேர்த்து மாதம் 672 வெள்ளி உங்கள் பெயரில் போய்க்கொண்டிருந்தது. முதலாளி பங்கு மட்டுமே வருஷத்துக்கு 4,368 வெள்ளி. 2024-க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30 சதவீதம். இதை விட்டுவிட்டு வந்ததோடு நிற்காமல், "நம் பணமே கிடையாது" என்று அடுத்த பிள்ளைக்கும் பாடம் எடுக்கிறீர்கள்.

55 வயது வரை கைக்கு வராது என்பதும் தப்பு. 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு வந்துவிட்டது. புதிதாகப் போடுவதில் 10 சதவீதம் அதில் விழும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கிளினிக்கில் இருந்த காலத்தில் இதைக்கூட யாரும் சொல்லவில்லையா?

ஈப்போபையன்:
ஒரு திருத்தம். 13 என்பது எல்லாருக்கும் பொது இல்லை. சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேல் போனால் முதலாளி போடுவது 12 சதவீதம்தான். தலைப்பிலேயே 13 என்று போட்டால் படிக்கிறவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

லயத்துப்பிள்ளை:
தங்கச்சியின் சம்பளம் 2,800. அதற்கு 13. இதில் என்ன திருத்தம்?

ஈப்போபையன்:
தலைப்பு பொதுவாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். 12-ம் உண்டு.

சொந்தக்கால்:
12-ஓ 13-ஓ, அதை முதலாளி தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருவதாக அண்ணன் நினைக்கிறார். ஆளை எடுக்கும்போதே இந்தச் செலவையும் கணக்குப் போட்டுத்தான் சம்பளத்தைச் சொல்கிறார்கள். கொடுக்க வேண்டிய சம்பளத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, தானம் செய்கிற மாதிரி பக்கத்தில் வைக்கிறார்கள். அதற்கு நாம் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

லயத்துப்பிள்ளை:
பாருங்கள், தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நம் சம்பளத்தில் வெட்டிய துண்டு என்றால் அது யார் பணம்? நம் பணம்! போன வாரம் "நம் பணமே கிடையாது" என்றவர் இன்றைக்கு "நம் சம்பளம்" என்கிறார். எதில் நிற்கப் போகிறீர்கள்?

சொந்தக்கால்:
வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் அண்ணே. என் கையில் இல்லாதது என் பணம் இல்லை. இதில்தான் நிற்கிறேன்.

செம்பனை_77:
நான் சொந்த லோரியில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றுகிறவன். இபிஎஃப்பை விட அவசரமான ஒன்றை ரெண்டு பேருமே பேசவில்லை. ஏற்றும்போது குலை காலில் விழுந்தால் யார் கொடுப்பார்கள்? சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் 2017-இல் தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். அப்புறம் மற்றவர்களையும் சேர்த்தார்கள். ஆகக் குறைந்த திட்டத்துக்கு வருஷத்துக்கு 157 வெள்ளி 20 சென். நம் ஊரில் லோரி வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கட்டாதவர்களுக்குக் கால் போனால் கோயிலில் வசூல்தான்.

இன்னொன்றும் உண்டு. தானாக வேலையை விட்டவருக்கு சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதியில் ஒரு காசும் வராது. ஆள் குறைப்பில் போனவர்களுக்குத்தான். கனவு பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சொந்தக்கால்:
நான் சொக்சோ கட்டுகிறேன். தொழில்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்திருக்கிறேன். இபிஎஃப்பிலும் நானாகவே போடுகிறேன், ஐ-சாரான் என்று ஒரு திட்டம் இருக்கிறது. நாம் போடுவதற்கு மேல் அரசாங்கம் 20 சதவீதம் போடும். எதுவும் தெரியாமல் வேலையை விட்டு ஓடிவந்தவள் மாதிரி என்னிடம் பேச வேண்டாம்.

லயத்துப்பிள்ளை:
ஐ-சாரானா? நல்லது, அதையும் முழுசாகச் சொல்லுங்கள். அரசாங்கம் போடுவது வருஷத்துக்கு 500 வெள்ளி வரைதான். அந்த 500 கிடைக்க நீங்கள் உங்கள் கையிலிருந்து 2,500 போட வேண்டும். ஆயுசுக்கும் சேர்த்து 5,000-க்கு மேல் தரமாட்டார்கள். நீங்கள் உதறிவிட்டு வந்த முதலாளி பங்கு வருஷத்துக்கு 4,368. அங்கே ஒன்றரை வருஷத்தில் தாண்டிவிடும் பணத்தை இங்கே ஆயுசு முழுக்க வாங்கப் போகிறீர்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லாமல் விட்டது இதுதான்.

கம்பத்துமாமா:
இளவட்டங்கள் பேசட்டும் என்று சும்மா இருந்தேன். தோட்டத்துப் பெயரை இழுத்ததால் வந்தேன். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எதற்காக ஆரம்பித்தார்? வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினான். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடலில் நம் சனம் நடுத்தெருவுக்கு வந்தது. பால் வெட்டுகிறவனே தோட்டத்துக்குப் பங்குதாரன் ஆகட்டும் என்றுதான் அந்தச் சங்கம். சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிற ஆசை இந்தப் பெண் இன்றைக்குக் கண்டுபிடித்தது இல்லை. அதைக் கேலி பேசாதே தம்பி.

லயத்துப்பிள்ளை:
மாமா, நான் கேலி பேசவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கம்தான் நிற்கிறது. அந்தச் சனம் வேலையை விட்டுவிட்டா பங்கு வாங்கியது? விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், வெட்டி, பாலைத் தூக்கி, அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் வாங்கியது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு எவரும் பங்குதாரர் ஆகவில்லை.

கம்பத்துமாமா:
ஆனால் அவர்கள் போட்டது தங்கள் பணம். முதலாளி போட்டதில்லை.

லயத்துப்பிள்ளை:
மாமா, மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறீர்கள். முதலாளி போட்டதும் அவர்கள் பணம்தான்! கூலிக்குத்தானே போட்டான், கருணைக்கா போட்டான்?

சொந்தக்கால்:
மாமா, எனக்காகப் பேசியதற்கு நன்றி. அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்ற கடலை வகைகளை வறுத்துத் தலையில் சுமந்து விற்ற குடும்பங்கள் எந்த முதலாளியிடம் 13 சதவீதம் கேட்டன? முறுக்கும் கடலையும் சுட்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் வெளியூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நம்மாளுக்குக் கைத்தொழில் சோறு போடாது என்று யார் சொன்னது?

லயத்துப்பிள்ளை:
அங்கே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து மாவு பிசைந்தார்கள். பாட்டி முதல் பேரன் வரை அடுப்படியில். உங்கள் வீட்டில் ஊசி பிடிப்பது நீங்கள் ஒருத்தர். கண் நோவு வந்தால் கடை மூடியது. ஆடியில் ஒரு கல்யாணமும் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. அந்த மாதங்களில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதினீர்களா?

சொந்தக்கால்:
ஆடியில் கோயில்களுக்கு அம்மன் புடவையும் பாவாடையும் தைக்கிறேன். அப்படியே தீபாவளி ரவிக்கைகள் வந்து குவியும். மார்கழியில் பொங்கலுக்குத் துணி வரும். எந்த மாதமும் என் அடுப்பு அணையவில்லை. உங்கள் ஆலையில் ஓவர்டைம் நிறுத்திய மாதம் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று நான் கேட்டேனா?

பூமாலை:
தையலைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசுவதால் சொல்கிறேன். வைகாசியில் என் மகள் கல்யாணம். ரவிக்கை கைக்கு வந்தது முதல் நாள் சாயங்காலம். கை இறுக்கம், பிள்ளை தாலி கட்டும்போது தூக்க முடியாமல் தவித்தது. கிளினிக் முதலாளியைக் குறை சொல்கிறவர் தன்னிடம் வருகிறவர்களை எப்படி நடத்துகிறார் என்றும் யோசிக்க வேண்டும்.

சொந்தக்கால்:
அக்கா, அளவு பார்க்க வாருங்கள் என்று மகளைப் பல தடவை கூப்பிட்டேன். வரவில்லை. பழைய ரவிக்கையைக் கொடுத்தனுப்பி "இதே அளவு" என்றீர்கள். பிள்ளை அதற்கப்புறம் சதை போட்டிருந்தது என் தப்பா? மீதிப் பணத்தை நீங்கள் தந்தது ஆனி கடைசியில். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பூமாலை:
சபையில் என் பிள்ளை சதையைப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டதா? இனிமேல் எங்கள் வீட்டுத் துணி ஒன்றும் உங்கள் வாசலுக்கு வராது.

ஈப்போபையன்:
தலைப்பை "12 அல்லது 13" என்று மாற்றினால் நன்றாக இருக்கும்.

லயத்துப்பிள்ளை:
பூமாலை அக்கா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. மீதிப் பணம் ஆனி கடைசியில் வந்ததாம். அதுவரைக்கும் தங்கச்சி மணியும் நூலும் யார் காசில் வாங்கினார்? என் சம்பளம் மாசக் கடைசியில் வங்கியில் ஏறிவிடும். வாசல் வாசலாக நின்று கேட்க வேண்டியதில்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை. என் அம்மா கந்துவட்டிக்காரன் ஆலோங்கிடம் கடன் வாங்கி இட்லிக் கடை போட்டவர். ஊரெல்லாம் கடனுக்குச் சாப்பிட்டது, வட்டிக்காரன் மட்டும் கடனுக்கு நிற்கவில்லை. வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனான். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதை எல்லாரும் பார்த்தார்கள். சொந்தத் தொழில் என்று யாராவது ஆசையாகப் பேசும்போது எனக்கு அந்தக் கதவுதான் கண்ணுக்கு வருகிறது. அதனால்தான் அந்த 364 வெள்ளியை இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

செம்பனை_77:
அதற்கு இப்போது வேறு வழி இருக்கிறதே. சிறுதொழில்களுக்குக் கடன் தரும் அரசாங்க அமைப்பான டெக்குனில் இந்தியர்களுக்கென்று ஸ்பூமி கடன் இருக்கிறது. ஆலோங்கிடம் போக வேண்டியதில்லை. சொந்தப் பெயரிலேயே தொழில் நடத்தினால் எஸ்எஸ்எம் பதிவு வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. பேப்பர் சரியாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

சொந்தக்கால்:
அண்ணே, உங்கள் அம்மா பட்டது எனக்குத் தெரியாது. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடையில் அவர் செய்த குற்றம் என்ன? கடன் சொன்னவர்கள் திருப்பித் தரவில்லை, வட்டிக்காரன் அநியாயம் பண்ணினான். அதற்கு நீங்கள் கடை வைக்கும் ஆசையையே குற்றவாளியாக்குகிறீர்கள். நான் முன்பணம் பாதி வாங்காமல் துணியில் கத்தரி வைப்பதில்லை. பூமாலை அக்காவும் பாதிப் பணம் கொடுத்துத்தான் துணியைக் கொடுத்தார்.

பூமாலை:
கொடுத்தேனா இல்லையா? பின்னே என்ன, பணம் தரவில்லை என்று ஊருக்குச் சொல்வது?

லயத்துப்பிள்ளை:
கடை வைக்கும் ஆசையை நான் குற்றம் சொல்லவில்லை. "நம் பணமே கிடையாது" என்ற வரியைத்தான் சொன்னேன். அதை எடுத்துவிடுங்கள், நான் இங்கே ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

சொந்தக்கால்:
எடுக்க மாட்டேன்.

கம்பத்துமாமா:
தம்பி, அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்கும், விடு. சங்கத்தைப் பற்றி நீ சொன்னதுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. கண்ணாடி மாற்ற ஈப்போ போகிறேன், வந்து எழுதுகிறேன்.

லயத்துப்பிள்ளை:
எழுதுங்கள் மாமா. தங்கச்சி, ஸ்பூமி கடன் எடுத்தீர்களா இல்லையா? எடுத்திருந்தால் மாதத் தவணை எவ்வளவு என்று போடுங்கள். 364-இல் கழித்துப் பார்ப்போம்.

சொந்தக்கால்:
என் தவணை என் வீட்டு விஷயம். உங்கள் சம்பளச் சீட்டை முதலில் இங்கே போடுங்கள், அப்புறம் என் கணக்கைக் கேளுங்கள்.

லயத்துப்பிள்ளை:
போடுகிறேன். நாளைக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும் பெயரை மறைத்துவிட்டுப் போடுகிறேன். முதலாளி பங்கு என்று தனிக் கட்டத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈப்போபையன்:
உங்கள் சம்பளம் 5,000-க்கு மேல் என்றால் அந்தக் கட்டத்தில் 12 சதவீதம் இருக்கும்.