ரிஃப்ளெக்டர் வச்சும் பாதி முகம் இருட்டு, அவசரம்!

அரைக்கண்:
நாளைக்குள்ள முடிக்கணும். ஜன்னல் வெளிச்சத்துல போர்ட்ரெய்ட். ஒரு கன்னம் நல்லா வருது, மறு கன்னம் கும்மிருட்டு. ரிஃப்ளெக்டர், அதான் வெளிச்சத்தைத் திருப்பி விடற அட்டை, வச்சும் மாற்றமே இல்ல. என்ன தப்பு?

ஐம்பதுமிமீ:
வெள்ளையா, வெள்ளியா? முகத்துக்கு எவ்வளவு தூரம்? ஜன்னல்ல நேர் வெயிலா? ஒண்ணுமே சொல்லலையே.

நிழல்வேட்டை:
அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி விரிச்சு அட்டையில ஒட்டுங்க. வேற எதுவும் வேலைக்காகாது.

பழையலென்ஸ்:
இதுக்கு நூறு தடவை பதில் சொல்லியாச்சு. தேடிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். பள்ளிக்கூடப் பாடம், தம்பி.

அரைக்கண்:
தம்பி இல்ல, தங்கச்சி. வெள்ளை தெர்மாகோல்தான். நாலடி தள்ளி இருக்கும். நேர் வெயில் இல்ல.

ஐம்பதுமிமீ:
நாலடி ரொம்ப தூரம். ஃபிரேமுக்குள்ள விழாத அளவுக்கு ஒட்டிக் கொண்டு வாங்க. தூரம் பாதியானா வெளிச்சம் 4 மடங்கு.

பழையலென்ஸ்:
அந்தக் கணக்கு புள்ளி மாதிரி சின்ன விளக்குக்கு. பெரிய அட்டை பக்கத்துல இருக்கும்போது அவ்வளவு ஏறாது.

நிழல்வேட்டை:
கண்ணாடியில வெயில் பட்டா எதிர்வீட்டுச் சுவர்லகூட பளீர்னு அடிக்குதே. தூரமாவது ஒண்ணாவது!

பழையலென்ஸ்:
கசக்கின ஃபாயில் எப்பய்யா கண்ணாடி ஆச்சு?

கைநடுக்கம்:
ஆட்டோ எக்ஸ்போஷரா, அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம்னு கேமராவே முடிவு பண்ணுதா? அப்படின்னா அட்டை வச்சதும் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைச்சிடலாம், வித்தியாசம் சரியாத் தெரியாது. எக்ஸ்போஷரை லாக் பண்ணிட்டு, அட்டை இல்லாம ஒண்ணு, வச்சு ஒண்ணு எடுங்க.

தாழ்வாரம்:
அட்டையை எங்க வச்சிருக்கீங்கன்னு யாராவது கேட்டீங்களா?

அரைக்கண்:
ஜன்னலுக்குக் கீழே, அதே சுவத்துல சாய்ச்சு.

தாழ்வாரம்:
அதான் விஷயம். அட்டை மேலயே வெளிச்சம் படல, அது எதைத் திருப்பித் தரும்? இருண்ட கன்னத்துப் பக்கம், ஜன்னலைப் பார்த்த மாதிரி நிறுத்துங்க. அட்டை இருக்கிற இடத்துல உங்க தலையை வச்சுப் பாருங்க. ஜன்னலும் தெரியணும், அந்தக் கன்னமும் தெரியணும். தரையில படுக்க வைக்காதீங்க. மோவாய்க்குக் கீழேயிருந்து வெளிச்சம் ஏறினா பேய் முகம்தான். அந்தப் பக்கம் கறுப்புத் துணி, அடர் நிறத் திரை இருந்தா அதையும் எடுத்துடுங்க, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் குடிச்சிடும்.

நிழல்வேட்டை:
சரி, ஆனா ஃபாயில்னா இன்னும் பளிச்னு வரும்.

ஐம்பதுமிமீ:
வரும், எண்ணெய் வழியிற முகமும் சேர்ந்து வரும்.

அரைக்கண்:
இடம் மாத்தி, ஒன்றரை அடிக்குக் கொண்டு வந்தேன். சரியாயிடுச்சு. ஓடறேன், நன்றி.

பழையலென்ஸ்:
கோணம்னு நான் முதல்லயே சொன்னேன்.

தாழ்வாரம்:
தெர்மாகோல் எல்லாப் பக்கமும் சிதறடிக்கும் அண்ணே. உங்க கோணக் கணக்கு அதுக்குச் செல்லாது.